வண்டிக்கு அடியில் ஐஸ்காரம்மா

ஐஸ்காரம்மா ஐஸ் விற்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஷெட்டின் முன்னால் 'கார் சுத்தம் செய்யப்படும்' என்று ஆள் உயரத்துக்குப் பலகை மாட்டியிருக்கிறாள். அதைப் படித்த பிறகும் வெயில் காலத்தில் நாலு பேராவது பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். "கொஞ்சூண்டு குடும்மா, வீட்ல விருந்தாளி வந்திருக்காங்க." அவளும் பொறுமையாக விளக்குவாள். இது தண்ணீரை உறையவைத்த ஐஸ் இல்லை, கரியமில வாயுவை அமுக்கிக் கட்டியாக்கிய ட்ரை ஐஸ். உருகாது, தண்ணீராகாது, இருந்த இடம் தெரியாமல் ஆவியாகிப் போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே எழுபத்தெட்டு டிகிரி குளிர், வெறுங்கையால் தொட்டால் தோல் கொப்புளித்துவிடும். வந்தவர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்ப நாலு துண்டு போதும்" என்பார்.

அவள் தொழில் இதுதான். அரிசி மணி அளவில் இருக்கும் அந்த ஐஸை இயந்திரத்தின் தொட்டியில் கொட்டுவாள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று அதை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயின் நுனியில் இருக்கும் துப்பாக்கி வழியாகச் சீறித் தள்ளும். வருஷக்கணக்காகப் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கும் தார்த் துளியும் அந்தக் குளிரில் விறைத்து, விரிசல் விட்டு, பொருபொருவென்று உதிரும். அடித்த ஐஸ் ஆவியாகிப்போகும், அழுக்கு மட்டும் தரையில் கிடக்கும். சோப்பு இல்லை, ஈரம் இல்லை. இன்ஜினுக்குள் இருக்கும் ஒயர்கள்கூட நனையாது. சத்தம் மட்டும் காதைப் பிளக்கும். அதனால் காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, இத்தனையும் மாட்டிக்கொண்டு வெள்ளைப் புகைக்கு நடுவே அவள் நிற்பதை முதல்முறை பார்க்கிறவர்கள் ஓரடி பின்னால் போவார்கள்.

அந்த வாயு தரையோடு தரையாகத் தங்கும் குணமுள்ளது. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தால் ஆளையே சாய்த்துவிடும். ஆகவே ஷெட்டின் இரண்டு ஷட்டரும் எப்போதும் முழுக்கத் திறந்திருக்கும். இரண்டு பெரிய மின்விசிறிகள் ஓடும். முழங்கால் உயரத்தில் சுவரில் ஒரு அபாய மணி இருக்கிறது. அதை அந்த இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்று அளவெடுத்து மாட்டியது அவள் கணவர். அதோடு விட்டாரா, மாதம் ஒருமுறை அதைச் சோதித்து ஒரு நோட்டில் கையெழுத்தும் போடுகிறார்.

கணவருக்கு லிப்ட் இன்ஸ்பெக்டர் உத்தியோகம். ஊர் ஊராகப் போய், மாடிக் கட்டடங்களின் லிப்டுகளைச் சோதித்து, சரியில்லை என்றால் 'உபயோகிக்க அனுமதி இல்லை' என்று சீட்டு ஒட்டிவிட்டு வருவார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சீட்டு ஒட்டியதால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டிய அந்தக் குணத்தை வீட்டுக்கும் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். குக்கரின் ரப்பரைச் சோதிப்பார். மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மனைவி உட்காருவதற்கு முன்னால் ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்த்தபோது அவளுக்கு அது அன்பு என்று தோன்றியது. பதினெட்டு வருஷம் கழித்தும் அன்பு என்றுதான் தோன்றுகிறது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.

முன்பு அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே அடுப்புகளின் கருகலை இதே ஐஸால்தான் அடித்து எடுப்பார்கள். பத்து வருஷம் அந்தத் துப்பாக்கியைப் பிடித்தவள் அவள். தொழிற்சாலை புது இயந்திரம் வாங்கி, பழையதைக் கழித்துக் கட்டியபோது, அதைத் தானே வாங்கிக் கார் சுத்தம் செய்யும் கடை போடலாம் என்று அவளுக்கு யோசனை வந்தது. கணவர் அந்த இயந்திரத்தை ஒன்றரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்போது அவளுக்காகப் பேசியவர் ஒரே ஒருவர், அவள் மாமனார். "ஏன்டா, அவ என்ன ராக்கெட்டா விடப்போறா? அழுக்கு எடுக்கப்போறா. வாங்கிக் குடுடா" என்றார். ஒரு வாய் வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையில் எழும்பியதுதான் இந்த ஷெட். அதை அவள் மறந்ததில்லை.

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஒரு கீறல் கிடையாது. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லுவார். சாப்பிடும்போது சொல்லுவார். தொலைக்காட்சியில் விபத்துச் செய்தி வந்தால் சொல்லுவார். தபால்காரர் வந்தால் அவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். ஓய்வு பெற்ற அன்றைக்கு வாங்கிய கருநீலச் சின்னக் கார் ஒன்று அவரிடம் உண்டு. இருபது வயது வண்டி. கிலோமீட்டர் காட்டும் முள் எப்போதோ படுத்துவிட்டது. மற்றபடி சாவி போட்டதும் கிளம்பும்.

இவர்கள் மூவரும் சேர்ந்து அடித்த கூத்து தொடங்கியது மாமனாரின் கண்ணில். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது, இடது கண்ணுக்கு இரண்டு மாதம் கழித்து நாள் குறித்திருந்தார்கள். ஒரு கண் புதுசு, ஒரு கண் பழசு என்று இருக்கும்போது தூரம் சரியாகத் தெரியாது, இன்னொன்றும் முடியும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது ஒரு தடவை. இன்ஸ்பெக்டர் சொன்னது ஒன்பது தடவை.

"அப்பா, நல்லா கேட்டுக்கோங்க. அதுவரைக்கும் நீங்க ஸ்டியரிங்கைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சா வண்டியை வித்துருவேன். மருந்துக்கடைக்காரர் ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருக்கார்."

"தொட்டா என்னைக் கேளுடா."

"கேக்கமாட்டேன். விப்பேன்."

சாவியை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார் மகன். அது போதாதென்று, முற்றத்தில் நிற்கும் காரின் நாலு சக்கரத்திலும், டயரிலிருந்து தரைவரைக்கும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தார். வண்டி நகர்ந்தால் கோடு விலகிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமைதோறும், வெளியூர் போய்த் திரும்பும் நாளிலும், டார்ச் எடுத்துக்கொண்டு, பாயை விரித்துப் படுத்து, வண்டியின் அடியையும் பார்ப்பார். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, "லிப்ட் வருதாடா?" என்று கேட்பார்.

ஐஸ்காரம்மா இந்தச் சண்டையில் தலையிடவில்லை. அவளுக்கு அவள் வேலை இருந்தது. அவள் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. காரைத் தூக்கி நிறுத்தியதும், அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுத்தான் ஐஸ் அடிப்பாள். கூட்டுவதற்கு வசதி என்று ஆரம்பித்த பழக்கம் அது. போகப்போக அந்தத் துணியில் விழுந்த அழுக்கு அவளிடம் பேச ஆரம்பித்துவிட்டது. எது மேலே ஒட்டியது, எது அதற்கும் கீழே இருந்தது, எது போன மாதத்துச் சேறு, எது போன வருஷத்துத் தார் என்று அவளால் அடுக்கடுக்காகச் சொல்ல முடியும். தினமும் விடியற்காலையில் ஓடப் போவதாகச் சொல்லும் ஒருவரின் கார் எந்தப் பேக்கரிக்குப் பின்னால் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வண்டிக்கு அடியில் பார்த்ததை வாயில் எடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரர் வண்டி எங்கெல்லாம் போயிருக்குன்னு சொல்லேன்" என்று கேட்டாள். "ரோட்டுலதான்க்கா போயிருக்கு" என்றாள் இவள்.

ஒரு புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்குப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பி வருவார். வியாழன் முழுக்க மழை கொட்டியது. வெள்ளி மத்தியானம், ஒரு டாக்சியை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மாமனார் ஷெட் வாசலில் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். அவர் அப்படி நின்றால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"ஐஸ் மிச்சம் இருக்காம்மா?"

"கால் பெட்டி இருக்கு மாமா. ஏன்?"

"நாளைக்கு வச்சுக்க முடியாதில்ல. வீணாப்போயிருமேன்னு கேட்டேன்."

உண்மைதான். அந்த ஐஸை எந்தப் பெட்டியில் வைத்தாலும் தங்காது. இன்றைக்குக் கால் பெட்டி இருந்தால் நாளைக் காலையில் அதில் பாதிதான் இருக்கும், மறுநாள் பெட்டி மட்டும்தான் இருக்கும். ஆனால் மாமனாருக்கு ஐஸ் மேல் இவ்வளவு கரிசனம் என்றைக்கு வந்தது?

"மாமா, விஷயத்தைச் சொல்லுங்க."

"நம்ம வண்டியையும் ஒரு தட்டு தட்டேன். அடியில லேசா... மழை தெறிச்சிருக்கு."

முற்றத்துக்கும் ஷெட்டுக்கும் இருபது எட்டு. அந்த இருபது எட்டையும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் மாமனார். "ஓட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்மா. வாக்குன்னா வாக்குதான்." இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் ஐஸ்காரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, டார்ச்சை மாமனாரின் முகத்தில் அடித்தாள்.

"இது தெறிச்ச மழையா மாமா?"

அடிப்பாகம் முழுக்கச் செம்மண் சேறு. சக்கர வளைவில் கைப்பிடி கைப்பிடியாக அப்பியிருந்தது. இன்னும் ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. அவள் விரலால் கொஞ்சம் சுரண்டி மோந்து பார்த்தாள். "ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட குழாய் போட ரோட்டைத் தோண்டியிருக்காங்க, அந்த மண்ணு. உள்ள ஒட்டியிருக்கிறது கோஸ் இலை, காய்கறி மார்க்கெட். இதோ சின்னச் சின்னக் கறுப்புக் கல்லு, பஸ் டிப்போ வாசல்ல புதுசா போட்ட தார். மூணு தடவை போயிருக்கீங்க. நேத்து மழையில போனது மூணாவது."

"மூணுதான்" என்றார் மாமனார் பரிதாபமாக. எண்ணிக்கை சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அவர் ஓட்டிய பழைய பஸ்ஸின் தடம் அது. டிப்போவில் தொடங்கி, மார்க்கெட் வழியாக, ரயில்வே கேட் தாண்டிப் போகும். இரண்டாம் சாவியை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். மகன் அலுவலகம் போனதும் சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டுக் கிளம்புவாராம். திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்திக் கோட்டை இழுத்துவிடுவாராம். எல்லா நிறுத்தத்திலும் நிறுத்தினாராம். ஒரு நிறுத்தத்தில், அவர் பஸ்ஸில் வருஷக்கணக்காக வந்துபோன பூக்கடை அம்மா நின்றிருக்கிறார். அந்த அம்மா கேட்காமலே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டாராம்.

"கை சும்மா இருக்கமாட்டேங்குதும்மா. வீட்ல உக்காந்தா சோறு உருட்டுற கையா மட்டும் ஆயிருச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்போதுதான் இடது பக்கக் கதவுக்குக் கீழே, சேற்றுக்கு நடுவில், ஒரு முழம் நீளத்துக்கு ஏதோ உரசிய தடம் கண்ணில் பட்டது. லேசாக ஒடுங்கியும் இருந்தது.

"இது?"

"அதுவா? ரயில்வே கேட்டுகிட்ட ஒரு தூண் இருக்கில்ல. ரொம்ப முன்னால கொண்டுவந்து நட்டிருக்கானுங்க."

"இடிச்சீங்களா?"

"இடியா? உரசல்மா. இதெல்லாம் கீறல்லயே சேராது."

முப்பத்திரண்டு வருஷப் பெருமைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று காட்டுவதில் அவர் மும்முரமாக இருந்தார். அவள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே பெயிண்ட் ஏற்கனவே மெலிந்திருந்தது. ஐஸ் அடித்தால் இருக்கிற பெயிண்டும் உரிந்து, ஒன்றுக்கு இரண்டாக ஆகிவிடும். சேற்றுக்கும் தூசிக்கும் நடுவில் அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

"மாமா, ஒண்ணு சொல்றேன். இது கடைசி. அந்தக் கண்ணும் ஆபரேஷன் முடியிறவரைக்கும் இனிமே தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்க. குடுத்தா நான் புதுச் சேத்தை மட்டும் எடுத்துடறேன். பழைய அழுக்கு அப்படியே இருக்கட்டும். அவர் பாத்தாலும் வண்டி நகரலைன்னுதான் நினைப்பார்."

"புதுசு மட்டும் தனியா எடுக்க முடியுமா?"

"என்னால முடியும்" என்றாள் அவள். தொழில் தெரிந்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மாதிரிப் பேச்சில்தான்.

செய்தது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். அது அவளுக்கும் தெரிந்தது. இத்தனை நாளாக ஊரார் காருக்கு அடியில் பார்த்ததை மறைத்தது போலவா இது? ஆனால் அன்றைக்கு ஷெட்டுக்காகப் பேசிய வாய் இன்றைக்கு அவள் முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றபோது, அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மாமனாரை வெளியே உட்காரவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, பூப்போல அடித்தாள். செம்மண் மட்டும் செதில் செதிலாகக் கழன்று வெள்ளைத் துணியில் விழுந்தது. அதற்குக் கீழே இருந்த கறுப்புப் பிசுக்கு அசையவில்லை. முன்சக்கரம் இரண்டும் முடிந்தன. அவளுக்கே தன் கையைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு நட்டின் ஓரத்தில் பழைய பிசுக்கு ஒரு துளி தானாகவே உதிர்ந்து, உள்ளே இருந்த உலோகம் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு நட்டு மட்டும் பளபளவென்று இருந்தால் சந்தேகம் வராதா? பக்கத்து நட்டையும் எடுத்தாள். இரண்டு நட்டு பளபளத்தால் நடுவில் இருக்கும் பட்டை அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் எடுத்தாள். அழுத்தத்தை எப்போது கூட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. இருபது வருஷத்துப் பிசுக்கு பாளம் பாளமாக விழும்போது வரும் அந்தச் சுகம் இருக்கிறதே, அது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காதில் மூடி, சுற்றிலும் புகை, கையில் துப்பாக்கி. மாமனார், கணவர், திட்டம் எல்லாம் எங்கோ போய்விட்டன. தொட்டியில் ஐஸ் தீர்ந்து துப்பாக்கி வெறும் காற்றாகச் சீறியபோதுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷ வண்டியின் அடிப்பாகம் அன்றைக்குத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல இருந்தது.

"அய்யோ" என்றாள்.

மாமனார் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். "நான் வாங்கினப்பகூட இப்படி இல்லம்மா" என்றார். அப்புறம் விஷயம் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. சுற்றியிருந்த சேறும் தூசியும் போனதும், இடது கதவுக்குக் கீழே இருந்த உரசல் ஊருக்கே தெரிகிற மாதிரி துலங்கி நின்றது. தூணின் மஞ்சள் பெயிண்ட். சுத்தமான கருநீலத்தின் மேல் ஒரு முழத்துக்கு மஞ்சள். அழுக்காக இருந்தவரை அதைத் தேடினால்தான் தெரியும். இப்போது தேடவே வேண்டாம்.

"கொஞ்சம் சேத்தைத் திருப்பி அப்பிடலாமா?" என்று கேட்டார் மாமனார். கேட்டவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. துணியில் கிடந்த மண்ணில் ஒரு கை அள்ளியும்விட்டார். ஐஸ்காரம்மா ஒரு கணம் யோசித்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சுத்தம் செய்த வண்டியில் தன் கையாலேயே மண்ணை அப்ப அவளுக்கு மனசு வரவில்லை. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தினார்கள். மாமனார் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நாலு சக்கரத்துக்கும் கோடு போட்டார். கோடுகள் மட்டும் வெகு நேர்த்தியாக இருந்தன.

ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பையை வைத்தார், முகம் கழுவினார், டீ குடித்தார், டார்ச்சை எடுத்தார். பாயை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு லிப்டைப் பற்றிக் கேட்கவில்லை.

அடியில் டார்ச் வெளிச்சம் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை இரண்டு தடவை ஊர்ந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"இது யாரு வண்டி?"

"நம்ம வண்டிதாங்க" என்றாள் ஐஸ்காரம்மா. "ஐஸ் மிஞ்சிப்போச்சு. வீணாப்போகுதேன்னு அடிச்சுவிட்டேன்."

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். நியாயமான பதில்தான். அவளுக்கு அந்தக் கிறுக்கு உண்டு என்பது அவருக்கும் தெரியும். போன மாதம் பக்கத்து வீட்டு இரும்பு கேட்டை யாரும் கேட்காமலே அடித்துக் கொடுத்தவள். அவர் டார்ச்சை அணைக்கப்போனார். அணைக்கும் முன் வெளிச்சம் ஒருமுறை இடது கதவுக்குக் கீழே போய்வந்தது.

"இது என்ன மஞ்சள்?"

மாமனார் வானத்தைப் பார்த்தார்.

"நம்ம முற்றத்துல மஞ்சள்ல ஒண்ணும் இல்லையே. யாரு வண்டியை எடுத்தது?"

"நான்தாங்க" என்றாள் அவள். எப்படி அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "சுத்தம் பண்ணினப்புறம் ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேன். ரயில்வே கேட்டுகிட்ட தூண்ல உரசிடுச்சு."

"சாவி என்கிட்டல்ல இருக்கு?"

சாவி விஷயத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அல்லது அதைவிடப் பெரியது ஒன்று அவர் மனசில் ஏறிவிட்டது. எழுந்து நின்றார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், அலுவலகக் குரல் வந்துவிடும். "தினம் நாலு பேர் காரை உன்னை நம்பி விட்டுட்டுப் போறாங்க. ஷெட்டுக்குள்ள நீதான் ஏத்துற, இறக்குற. நின்னுக்கிட்டிருக்கிற தூணையே உன்னால பாக்க முடியலைன்னா, நாளைக்கு ஷெட் வாசல்ல ஒரு ஆள் நின்னா? சரிப்படாது. வேற டிரைவர் வச்சுக்கிற வரைக்கும் நீ யார் வண்டியையும் தொடவேண்டாம். ஷெட்டைச் சாத்து."

வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து கீழே பார்த்தாள். இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொண்டால் போதும், கோபம் இறங்கும், நாளைக்கு ஷெட்டைத் திறந்துகொள்ளலாம், மாமாவின் வண்டியும் பிழைத்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"டேய்" என்றார் மாமனார்.

நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. கைகள் இரண்டையும் தொடையில் வைத்திருந்தார்.

"அவ இடிக்கமாட்டாடா. அவ கையைப் பாத்திருக்கியா? பேப்பர் கனத்துக்கு அழுக்கைத் தனியா எடுக்கிற கை. அந்தக் கையைப் போய்ச் சொல்றியே. நான்தான் இடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஐஸ்காரம்மா, "மாமா, சும்மா இருங்க" என்றாள்.

"உரசல் இல்லம்மா. உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன். இடிச்சேன். நல்லா இடிச்சேன்." அவர் மகனைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார். "தூண் முன்னால வந்து நிக்குதுன்னு சொன்னேன்ல? அந்தத் தூண் நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து அதே இடத்துலதான் நிக்குது. ஒரு நாளைக்கு எட்டு தடவை அதைத் தாண்டிப் போனவன் நான். நேத்து அங்க ஒரு தூண் இருக்குன்னே, சத்தம் கேட்டப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இறங்கிப் பாத்தேன். திரும்ப ஏறி உக்காந்தேன். கால் மணி நேரம் கை நடுக்கம் நிக்கல. மழையில ஒருத்தரும் ரோட்டுல இல்ல. இருந்திருந்தா?" என்றார். அந்தக் கேள்வியை அவர் முடிக்கவில்லை. "பயந்துட்டேன்டா" என்று மட்டும் சொன்னார்.

அவர் பயந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஐஸ்காரம்மாவுக்கு, இவ்வளவு பெரிய விஷயத்தை அழுக்கு என்று நினைத்து அடித்துத் தள்ளப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. எந்தச் சேறு எந்தத் தெரு என்று மோந்து பார்த்துச் சொன்னவளுக்கு, எதிரே நின்ற மனிதரின் பயம் தெரியாமல் போய்விட்டதே.

இன்ஸ்பெக்டர் பாயைச் சுருட்டினார். சுருட்டியதைத் திரும்ப விரித்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அதன்மேல் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நாற்காலியின் காலை லேசாக ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. மனைவியைப் பார்த்து, "ஷெட்டைச் சாத்தவேண்டாம்" என்றார். மன்னிப்பு என்று அவரிடமிருந்து வருவது அவ்வளவுதான், அவளுக்கு அது போதும்.

"வண்டியை என்ன பண்ணப்போற? விக்கப்போறியா?" என்று கேட்டார் மாமனார்.

"தெரியலப்பா."

மாமனார் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாக்பீஸ் வந்தது, அதைத் தரையில் வைத்தார். மறுபடி விட்டுத் துழாவி இரண்டாம் சாவியை வெளியே எடுத்தார். "இன்னொரு சாவியா!" என்று வாய்பிளந்த மகன் கையை நீட்டினார். கிழவர் எழுந்து, அந்தக் கையைத் தாண்டிப் போய்ச் சாவியை மருமகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

"நீயே வச்சுக்கம்மா. அவன்கிட்ட இருந்தா வித்துருவான். என்கிட்ட இருந்தா ஓட்டிருவேன்."